பச்சைச் சுவரும் படரும் கொடியும்

நண்பர்களே, வணக்கம்.

பேஸ்பாலில் சில அளவுகளை யாரும் தொட முடியாது. அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடம் பேஸ்; ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. பந்தை எறியும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். ஆனால் அந்தக் காலத்தில், வெளிச்சுவர் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை ஊரும் தெருவும் தீர்மானித்தன. நான் இன்று பேசப்போகும் இரண்டு மைதானங்களின் அழகும் கோணலும் அங்கிருந்து வந்தவைதான்.

ஒன்று, பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க், ரெட் சாக்ஸ் அணியின் மைதானம். 1912 ஏப்ரல் 20 அன்று அங்கே முதல் ஆட்டம். டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாள் ஆகியிருந்தது. இன்னொன்று, சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட், கப்ஸ் அணியின் மைதானம்; அங்கே முதல் ஆட்டம் 1914 ஏப்ரல் 23. பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் அணிகளின் சொந்த மைதானங்களில் வயதில் மூத்தவை இந்த இரண்டும்தான்.

ஃபென்வேயின் இடப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே லான்ஸ்டவுன் தெரு குறுக்கே ஓடுகிறது. மைதானத்தை நீட்ட வழியில்லை. நீளத்தில் விட்டதை உயரத்தில் பிடித்தார்கள். 37 அடி 2 அங்குலச் சுவர்! ஹோம் பிளேட்டிலிருந்து வெறும் 310 அடி. முன்பு அதன் மேல் விளம்பரங்கள் இருந்தன; 1947இல் பச்சை வண்ணம் அடித்தார்கள். ‘கிரீன் மான்ஸ்டர்’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பச்சைப் பூதம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பூதம் ஆட்டத்தையே மாற்றிவிடும். வேறு மைதானத்தில் ஃபீல்டர் நின்ற இடத்தில் கேட்ச் பிடித்துவிடக்கூடிய உயரமான பந்து, இங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகும், கிரிக்கெட் சிக்ஸர் போல. வேறு மைதானத்தில் வேலியைத் தாண்டிப் பறக்கும் தாழ்வான, வேகமான அடி, இங்கே சுவரில் மோதித் திரும்பி வரும். அடித்தவர் ஒன்றிரண்டு பேஸோடு நின்றுவிடுவார். ஒரே அடிக்கு ஊருக்கு ஒரு பலன்! இதை அநியாயம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சுவரிலிருந்து பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்று வருடக்கணக்காகப் படித்து வைத்திருக்கும் லெஃப்ட் ஃபீல்டரின், அதாவது இடப்பக்கம் காக்கும் வீரரின், ஞானம், இந்தக் கோணல் இல்லாமல் எங்கே பிறக்கும்?

சரி, சிகாகோவுக்கு வருவோம். அங்கே பயமுறுத்தும் சுவர் கிடையாது. செங்கல் சுவர், அதன் மேல் கொடி. 1937இல் கப்ஸ் அணியில் வேலை பார்த்த பில் வெக் நட்டது. பந்து இலைகளுக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கைகளையும் தூக்கி நிற்க வேண்டும். அடித்தவருக்கு இரண்டு பேஸ். மறந்துபோய்க் கையை உள்ளே விட்டுத் துழாவினாரோ, ஆட்டம் தொடரும், எதிரணி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கொடிக்கு என்ன பேர் தெரியுமா? பாஸ்டன் ஐவி. சிகாகோக்காரர்கள் உயிராய் நினைக்கும் கொடியின் பேரிலேயே பாஸ்டன் இருக்கிறது!

ரிக்லியில் காற்றும் ஒரு ஆட்டக்காரர்தான். மிச்சிகன் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. காற்று உள்நோக்கி அடித்தால் நல்ல அடியும் செத்து விழும். வெளிநோக்கி அடித்தால் பிட்சர்கள் பாடு திண்டாட்டம். 1979 மே 17 அன்று அப்படி ஒரு காற்று. பிலடெல்பியா 23, சிகாகோ கப்ஸ் 22. பேஸ்பாலில் ஒரு அணி ஐந்தாறு ரன் எடுத்தாலே நல்ல நாள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபென்வேக்குத் தெரு எல்லை போட்டது என்றால், ரிக்லிக்கு எல்லை போட்டவர்கள் அக்கம்பக்கத்து மனிதர்கள். எதிர்வீட்டு மொட்டைமாடிகளில் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டம் பார்த்தார்கள். பிறகு அதுவே வியாபாரமாகி, 2004இல் மாடிக்காரர்கள் வருமானத்தில் 17 சதவீதத்தை அணிக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். விளக்கு விஷயம் இன்னும் பெரியது. 1941இலேயே விளக்குக் கோபுரங்களுக்கு இரும்பு வாங்கி வைத்தார்கள். பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி அமெரிக்கா போரில் இறங்கியதும் அதைப் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பகல் ஆட்டம் மட்டும்தான். இரவில் சத்தமும் நெரிசலும் வேண்டாம் என்று அந்தப் பகுதி மக்கள் போராடினார்கள், சட்டமும் அவர்கள் பக்கம் நின்றது. கடைசியில் 1988 ஆகஸ்ட் 8 அன்று விளக்கு எரிந்தது. ஒன்பது இன்னிங்ஸில் நான்காவது முடியும் முன்பே மழை வந்து ஆட்டம் ரத்து! மறுநாள்தான் முறையான முதல் இரவு ஆட்டம்.

பழைய மைதானங்களை நேசிக்கிறவர்கள் அவற்றின் கறையையும் பேச வேண்டும். 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின இளைஞரும் வேறு இரு கறுப்பின வீரர்களும் ஃபென்வேயில் தேர்வு ஆட்டத்துக்கு வந்தார்கள். நன்றாகவே ஆடினார்கள். ரெட் சாக்ஸ் அணியிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. இரண்டே ஆண்டில் ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி, மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்துச் சரித்திரம் படைத்தார். ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது 1959இல். எல்லா அணிகளுக்கும் கடைசியாக. அன்றைய உரிமையாளர் டாம் யாக்கியின் பேர் வாசல் தெருவுக்கே இருந்தது. 2018இல்தான் அதை எடுத்துவிட்டுப் பழைய ஜெர்சி தெரு என்ற பேரைத் திரும்பக் கொடுத்தார்கள். அந்தச் சுவரை ரசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று இளைஞர்கள் நினைவு வரும்.

அப்புறம், காத்திருப்பு. ரெட் சாக்ஸும் கப்ஸும் 1918 உலகத் தொடரில், அதாவது மேஜர் லீக்கின் இறுதித் தொடரில், நேருக்கு நேர் மோதின. ஆனால் ரிக்லியில் ஒரு ஆட்டமும் இல்லை. அதிக இருக்கைகள் உண்டு என்று கப்ஸ் அணி ஊரின் இன்னொரு மைதானமான காமிஸ்கி பார்க்குக்குப் போய்விட்டது. பாஸ்டன் வென்றது. அதன் பின் அவர்களுக்கு அடுத்த பட்டம் 2004இல், 86 ஆண்டு கழித்து. கப்ஸ் 1908இல் வென்றது, அடுத்து 2016இல். 108 ஆண்டு! இரண்டு அணிகளையும் அந்த வெற்றிக்குக் கட்டி எழுப்பிய நிர்வாகி ஒரே ஆள், தியோ எப்ஸ்டைன்.

எந்த மைதானம் உசத்தி என்று கேட்டால், ஆட்டத்துக்கு ஃபென்வே, மனதுக்கு ரிக்லி என்பேன். 2016இல் கப்ஸ் பட்டம் வென்ற அந்தக் கடைசி ஆட்டம் கிளீவ்லாந்தில் நடந்தது. அந்த நாட்களில் ரிக்லியின் வெளிப்புறச் செங்கல் சுவரில் மக்கள் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பா பேர், தாத்தா பேர், பாட்டி பேர். காத்திருந்து காத்திருந்து, பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்களின் பேர்கள்.