வைட்டமின் ஈ மாத்திரை: யாருக்கு, எதற்கு?

அவையோருக்கு வணக்கம்.

இதயத்துக்கு நல்லது, தோலுக்கு நல்லது, புற்றுநோயைத் தடுக்கும் என்றெல்லாம் வைட்டமின் ஈ மாத்திரைக்கு ஒரு நற்பெயர் உண்டு. அந்த நற்பெயரில் எவ்வளவு சோதனையில் தேறியது என்பதே என் பேச்சு.

1922-இல் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் ஆகிய இருவரும் எலிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தபோது கண்டறிந்த இந்தச் சத்து, உயிரணுச் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெடாமல் காக்கிறது. ஆகவே, இதைக் கூடுதலாகக் கொடுத்தால் இரத்தக்குழாய் அடைப்பு குறையும் என எதிர்பார்த்ததில் தவறில்லை. மாத்திரை உட்கொள்வோருக்கு இதயநோய் குறைவு என்று 1990-களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகளும் கூறின. ஆனால், சத்து மாத்திரையை விடாமல் உட்கொள்பவர் பெரும்பாலும் புகைபிடிக்காதவராகவும் உடற்பயிற்சி செய்பவராகவும் இருப்பார். நன்மை எதனால் வந்தது என்பதை அத்தகைய ஆய்வுகளால் உறுதியாகப் பிரித்தறிய இயலாது.

குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு வைட்டமினும் மறு பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது நிலைமை மாறியது. 2000-இல் வெளியான 'ஹோப்' ஆய்வில், 9,500-க்கும் மேற்பட்டோரில் ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 400 அலகு (மாத்திரை உறையில் IU என்று குறிக்கப்படும் அளவு) உட்கொண்டும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த 'செலக்ட்' ஆய்வு தந்த முடிவு என்னை இன்றும் கலங்க வைக்கிறது: பலன் தெரியாததால் 2008-இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், ஆனால், வைட்டமின் ஈ மட்டும் உட்கொண்டவர்களிடையே அதே புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக இருந்ததை 2011-இல் கண்டார்கள். தடுக்கக் கொடுத்த மாத்திரை நோயைக் கூட்டியிருந்தது.

பயன் தரும் இடங்களும் உண்டு. கொழுப்பை உறிஞ்ச இயலாத நோயாளிகளுக்கு இது அவசியமான மருந்து. முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவு முற்றுவதை, வைட்டமின் சி, துத்தநாகம் முதலியவற்றோடு சேர்ந்து ஓரளவு தடுக்கிறது. நீரிழிவு இல்லாதவர்களின் கொழுப்புக் கல்லீரல் அழற்சியில், 2010-இல் வந்த ஆய்வின்படி, நாள்தோறும் 800 அலகு உட்கொண்டவர்களில் 43 சதவீதத்தினர் தேறினர். மருந்தற்ற மாத்திரையில் தேறியவர்கள் 19 சதவீதம். இவை மருத்துவர் நோயைக் கண்டறிந்து, அளவு குறித்து, கண்காணித்துத் தர வேண்டிய சிகிச்சைகள்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 15 மில்லிகிராம்தான். 400 அலகு மாத்திரை ஒன்றில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. அந்த அளவு இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின் என்ற மருந்தை உட்கொள்வோரும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரும் இம்மாத்திரையைப் பற்றித் தம் மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.