அடிபட்ட ராத்திரியில் எழுதப்படும் ஒரு வரி

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு நூலக ஆண்டு விழாவில் சித்தூர் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நோட்டீஸில் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, 'அடிதடிக் குற்றங்களுக்கு மாநில அரசு கடுமையான தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும்' என்பது. வேண்டுமா என்று கேட்கவில்லை. வேண்டும் என்று நூலகக் கமிட்டியில் முடிவு பண்ணி, அரசுக்கு அனுப்பத் தீர்மானமும் எழுதிவிட்டு, அதற்கு மேல் கையெழுத்துப் போடத்தான் வக்கீலைக் கூப்பிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அதில் பாதி சம்மதம். மீதிப் பாதியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, டீ கொடுக்காமல் அனுப்பிவிடவும் கூடாது.

கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதது இல்லீங்க. நம்ம தாலூக்கில் கள்ளுக்கடை வாசலில் ஆரம்பிக்கிற பேச்சு தோப்பு வரப்பில் வந்து முடிகிறது. மணக்கடவு தாண்டி மூலத்தறைத் தடுப்பணைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தால் வாய்க்கால் மடையில் மம்மட்டி ஓங்குகிறார்கள். அடித்தவன் மறுநாளே பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அதைப் பார்க்கிறவனுக்கு 'ஏழு வருஷம் உள்ளே போடு' என்று சொல்லத் தோன்றும். நியாயம்தான்.

முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கையால் அடித்துக் காயப்படுத்தினால் 115(2). ஒரு வருஷம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய 323லும் அதே ஒரு வருஷம்தான், அபராதம் மட்டும் ஆயிரமாக இருந்தது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய ஒரு வருஷத்தை யாரும் தொடவில்லை. ஆபத்தான ஆயுதத்தால் அடித்தால் 118(1), மூன்று வருஷம் வரை. கொடுங்காயம் என்றால் 117(2), ஏழு வருஷம் வரை. அதையே ஆயுதத்தால் செய்தால் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் வரைக்கும் போகும். அடிக்கக் கை ஓங்கினாலே, அடி விழாவிட்டாலும், மூன்று மாசம் வரை போடலாம்.

ஆகவே 'ஏழு வருஷம் வேண்டும்' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், அது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவுக்குள் உங்கள் காயம் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. கொடுங்காயம் எது என்று 116வது பிரிவு எட்டு வகை சொல்கிறது. கண் போவது, காது போவது, எலும்பு முறிவது எல்லாம் வரும். ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான், அது பலருக்குத் தெரியாது. எட்டாவது வகையைக் கொஞ்சம் கவனியுங்கள். பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் இருந்தாலோ கொடுங்காயம். பழைய சட்டத்தில் இருபது நாளாக இருந்ததை இப்போது குறைத்திருக்கிறார்கள்.

நல்ல மாற்றம்தான். ஆனால் நம்ம தென்னந்தோப்பில் மட்டை வெட்டுகிற ஆள், செங்கல் சூளையில் கல் அடுக்குகிற பொம்பளை, பதினைந்து நாள் எங்கே படுத்துக் கிடக்கப் போகிறார்கள்? நாலாம் நாள் விலாவில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். போனால்தான் அடுப்பு எரியும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கூலிச் சிட்டையை நீட்டி, 'நாலாம் நாளே சம்பளம் வாங்கியிருக்கிறாரே' என்று கேட்டால் கேஸ் அங்கேயே சாதாரணக் காயமாகச் சுருங்கிவிடும். சம்பளத்தோடு லீவு எடுக்க முடிகிறவனுக்கு ஏழு வருஷச் சட்டம், முடியாதவனுக்கு ஒரு வருஷச் சட்டம். தண்டனையைப் பத்து வருஷமாக்கினாலும் இந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

சரி, தனிச் சட்டத்துக்கு வருகிறேன். கேரளத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரி ஊழியர்களை அடிப்பதற்கு எதிராக 2012இல் ஒரு சட்டம் வந்தது. மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். 2023 மே 10ஆம் தேதி கொட்டாரக்கரை தாலூக் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் பெண்ணை, போலீஸ் கூட்டிவந்த ஆள் கத்திரிக்கோலால் குத்திக் கொன்றான். நாடே கொதித்தது. அதே மாசத்தில் அவசரச் சட்டம் போட்டார்கள். வன்முறைக்கு ஆறு மாசத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை, அபராதம் ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம். கொடுங்காயமானால் ஒரு வருஷத்திலிருந்து ஏழு வருஷம், ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம். எல்லாரும் இந்த எண்களைத்தான் பேசினார்கள். அதே அவசரச் சட்டத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், எப்.ஐ.ஆர். போட்ட அறுபது நாளில் விசாரணை முடிய வேண்டும், தனி நீதிமன்றம் வேண்டும், வழக்கு இழுக்காமல் காலத்தோடு முடிய வேண்டும் என்று. என்னைக் கேட்டால் சட்டத்தின் உயிர் அந்த வரிகளில்தான் இருக்கிறது. லட்சங்களில் இல்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே டாக்டர்களுக்கான சட்டம் நமக்கு முன்னாலேயே, 2008இல் வந்தது. மூன்று வருஷத்துக்குக் குறையாது, பத்து வருஷம் வரை. நம்மைவிட எவ்வளவோ கடுமை. அப்படியும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைக் கத்தியால் குத்தினார்கள். குத்துகிறவன் பாக்கெட்டில் சட்டப் புத்தகம் வைத்துக்கொண்டா வருகிறான்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தண்டனைச் சட்டம் என்பது அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிற விஷயம். மாநிலமும் சட்டம் போடலாம், ஆனால் மத்திய சட்டத்தோடு முட்டினால் ஜனாதிபதி ஒப்புதல் வேண்டும். 254(2) என்று ஒரு பிரிவு. ஆந்திராவில் 2019 டிசம்பரில் திஷா மசோதா என்று, பாலியல் வன்முறைக்கு இருபத்தோரு நாளில் தீர்ப்பு என்று சட்டசபையில் நிறைவேற்றிக் கைதட்டினார்கள். அது ஒப்புதல் கிடைக்காமலே போய்விட்டது. சட்டசபையில் கைதட்டல் கேட்டதும் ஊரில் வெடி வெடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இனி என் பாதிக்கு வருகிறேன். ராத்திரி பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில், அதாவது அவசரச் சிகிச்சைப் பிரிவில், ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். கீழுதடு கிழிந்திருக்கிறது, முழங்கையில் வீக்கம். கூட வந்திருக்கிறவன் அடித்தவனுடைய தம்பி. டியூட்டி டாக்டருக்கு வரிசையில் இன்னும் இருபது பேர். மலையாளத்தில் கேட்கிறார், எப்படி ஆச்சு என்று. அந்தப் பெண் வாயைத் திறக்குமுன் தம்பி சொல்கிறான், 'குளிமுறியில் வழுக்கி வீணு', குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று. டாக்டர் எழுதிவிட்டார். காயச் சான்றிதழில் ஒரு கட்டம் உண்டு, காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டது என்று. அதில் 'வழுக்கி விழுந்ததாக' என்று ஒரு வரி. எங்கே, எப்போது, யாரால் என்று எழுத வேண்டிய இடத்தில் அந்த ஒரே வரி.

மூன்று நாள் கழித்து அவளுக்குத் தைரியம் வருகிறது, ஸ்டேஷனுக்குப் போகிறாள். ஒன்றரை வருஷம் கழித்துக் கூண்டில் ஏறுகிறாள். எதிர்த்தரப்பில் அதிகம் மெனக்கெடத் தேவையில்லை. அந்தக் காகிதத்தை டாக்டரிடம் காட்டி, 'இது உங்கள் கையெழுத்துதானே, இப்படித்தானே அன்று சொன்னார்கள்' என்று இரண்டு கேள்வி. இதே காகிதம் தமிழ்நாட்டுப் பக்கம் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், என்ற பெயரில் இருக்கிறது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாலும் கதை ஒன்றுதான். எத்தனை வருஷத் தண்டனை என்று சட்டசபையில் ராப்பகலாக விவாதிக்கிறோம். கேஸின் தலையெழுத்தை ராத்திரி பத்தரை மணிக்கு கூட வந்த ஒருத்தன் சொல்லி எழுத வைத்துவிட்டுப் போகிறான்.

அடுத்தது ஸ்டேஷன். வெறும் 115(2) என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. புகாரின் சாரத்தைக் குறித்துக்கொண்டு 'கோர்ட்டுக்குப் போங்க' என்பார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நடந்தது கையால் அடித்தது மட்டும்தானா? கேரளத்து எப்.ஐ.ஆர். நாலு படித்தவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடமாக இருக்கும். தடுத்து நிறுத்தினான், கெட்ட வார்த்தை சொன்னான், கையால் அடித்தான், கம்பால் அடித்தான், கொன்னுடுவேன் என்றான். இதில் தடுத்து நிறுத்துவதே போலீஸ் நேராகக் கேஸ் எடுக்கக்கூடிய குற்றம். ஒன்று அப்படி இருந்தால் மொத்தக் கேஸையும் அவர்கள் எடுத்தாக வேண்டும். நம்ம ஆட்கள் ஸ்டேஷனில் 'அடிச்சுட்டான் சார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. கூட்டிச் சொன்னால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள். நடந்ததை நடந்த வரிசையில், ஒன்றும் விடாமல் சொல்லுங்கள் என்கிறேன்.

எல்லையில் இருக்கிற நமக்கு இன்னொரு தொல்லை. சண்டை வேலந்தாவளத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? முன்னெல்லாம் இந்த ஸ்டேஷனில் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே வா என்பார்கள். புதிய நடைமுறைச் சட்டம், பி.என்.எஸ்.எஸ்., 173வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் போலீஸ் நேராக எடுக்கக்கூடிய குற்றமானால் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஜீரோ எப்.ஐ.ஆர். என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் நகல் இலவசம். தொண்ணூறு நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் போலீஸின் கடமை. இதை எல்லாம் கேட்டு வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு.

மொழிக்கு வருகிறேன். இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம். நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள், ஸ்டேஷனில் புகார் எழுதுகிற ரைட்டர் மலையாளத்தில் எழுதுகிறார். பேசினால் நமக்கு மலையாளம் புரியும், எழுத்து எல்லாருக்கும் வராது. அடியில் கையெழுத்து உங்களுடையது. எழுதியதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. படித்துக் காட்டச் சொல்லுங்கள், தமிழில் சொல்லச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள். நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கவும் உரிமை இருக்கிறது. 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் அதிகமாக வாழும் பகுதிகளின் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 350வது பிரிவும் குறையை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தெரிவிக்கலாம் என்கிறது. தேவிகுளத்தில், பீருமேட்டில் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கும் இதேதான்.

சாட்சி பற்றி ஒன்று மட்டும். நமக்குப் பக்கத்தில் அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில் அரிசி திருடினான் என்று ஒரு பழங்குடி இளைஞனைப் பிடித்து, கட்டி, அடித்து, செல்பியும் எடுத்தார்கள். அவன் செத்துப் போனான். மண்ணார்க்காடு நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரலில். பதிமூன்று பேருக்கு ஏழு வருஷம். அதற்குள் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பல்டி அடித்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் விடாமல் நின்றதால்தான் அந்தத் தீர்ப்பாவது கிடைத்தது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஒவ்வொரு மாநிலமும் வகுத்து அறிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 398 சொல்கிறது. நம்ம தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'ஆயுள் தண்டனை' மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

அதனால் கமிட்டியிடம் நான் கேட்பது இதுதான். தீர்மானத்தைத் திருத்தி எழுதுங்கள். தண்டனையைக் கூட்டும் கோரிக்கை இருக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. அதற்கு மேலே, கேஷுவாலிட்டியில் அடிபட்டவரைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும், தமிழர் பகுதி ஆஸ்பத்திரிகளில் அந்தக் கட்டத்தைத் தமிழ் தெரிந்தவர் உதவியோடு நிரப்ப வேண்டும், அடிதடி வழக்குகளுக்கும் கால வரம்பு வேண்டும் என்று எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் ஜனாதிபதி வரை போக வேண்டாம். துறை உத்தரவே போதும். மசோதா என்று வந்தால் நம்ம சட்டசபையில் அது சப்ஜெக்ட் கமிட்டிக்கு, அதாவது மசோதாவை ஆராய்கிற எம்.எல்.ஏ.க்கள் குழுவுக்குப் போகும். அந்தக் கட்டத்தில் எம்.எல்.ஏ. மூலமாகவோ நேராகவோ எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்.

(பேச்சு முடிந்ததும் கேள்விகள் வந்தன. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், தன் மகனைக் கையால் அடித்து எட்டு மாசம் ஆகிறது, ஸ்டேஷனில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், பேசி முடித்துவிடலாம் என்று அப்படியே விட்டுவிட்டோம், இனி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.)

முடியுமுங்க. ஒரு வருஷத் தண்டனை உள்ள குற்றத்துக்குக் கோர்ட்டுக்குப் போகக் காலக்கெடு ஒரு வருஷம். இன்னும் நாலு மாசம் இருக்கிறது. பேசி முடிப்பதும் தப்பில்லை, அடிபட்டவர் சம்மதித்தால் அந்தக் குற்றத்தைச் சமரசம் செய்யச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் சம்மதிக்க வேண்டியது உங்கள் மகன், நீங்களோ வார்டு மெம்பரோ இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு இருக்கிறதா? இருந்தால் அதையும், ஸ்டேஷனில் கொடுத்த ரசீதையும் எடுத்துக்கொண்டு மகனோடு திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்னால் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள்.