எந்தக் கட்சிக்குப் போடுவது, அக்கா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பொதுத் தேர்தல் என்று அறிவித்துவிட்டால் போதும், மரக்கறிக்கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போதும், கோவிலில் அர்ச்சனைத் தட்டோடு வெளியே வரும்போதும் யாராவது என்னை மறித்துவிடுவார்கள். ‘அக்கா, இந்த முறை எந்தக் கட்சிக்குப் போடுவது?’ லண்டனில் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். அந்த மேசையில் இருந்தவளுக்கு விடையும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். நான் கட்சியின் பெயரைச் சொல்வதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: ‘உங்களுடைய தொகுதி எது?’

பலருக்குத் தெரியாது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது. 2024 தேர்தலுக்கு முன்பு தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். வீடு மாறாமலே தொகுதி மாறியவர்கள் ஏராளம். பிரதமராக இவர் வரவேண்டும், அவர் வரக்கூடாது என்று ஒரு மணி நேரம் விவாதிக்கக்கூடியவரிடம், உங்கள் வாக்குச்சீட்டில் யார் யாருடைய பெயர் இருக்கும் என்று கேட்டால் விழிக்கிறார். எனக்கு அது மனவருத்தம். இப்போது தேர்தல் தலைக்கு மேல் இல்லை. அடுத்த பொதுத் தேர்தல் 2029 கோடை முடிவதற்குள் வந்தாக வேண்டும். அதற்கு முன் எந்த நாளைக் குறிப்பது என்பது பிரதமரின் கையில் இருக்கிறது. ஆகவே ஆறுதலாகப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பிரித்தானியாவில் நாங்கள் பிரதமருக்கு வாக்களிப்பதில்லை. 650 தொகுதிகள், தொகுதிக்கு ஓர் உறுப்பினர். அந்தத் தொகுதியில் அடுத்தவரைவிட ஒரே ஒரு வாக்குக் கூடுதலாக எடுத்தால் போதும், வென்றுவிடலாம். பாதி வாக்குக் கூடத் தேவையில்லை. தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் அங்கேயே நின்றுவிடும். வேறெங்கும் கணக்கில் சேராது. 2024 ஜூலை 4 அன்று தொழிற்கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்தது 33.7 சதவீத வாக்கு; ஆசனங்கள் 411. ரிஃபோர்ம் கட்சிக்கு 14.3 சதவீதம்; ஆசனம் 5. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 12.2 சதவீதம், ஆசனம் 72. எழுதிக்கொள்ளப் பேனா தேடவேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குறைவாக வாக்கு எடுத்த கட்சிக்கு 72, அதைவிடக் கூட எடுத்த கட்சிக்கு 5. ஒன்றின் வாக்கு சில தொகுதிகளில் குவிந்து கிடந்தது, மற்றதன் வாக்கு நாடெங்கும் தெளித்த தண்ணீர் போலப் பரவியிருந்தது. 1951இலும் இப்படித்தான். மொத்த வாக்கில் முன்னுக்கு நின்றது தொழிற்கட்சி. பிரதமராக வந்தவர் சேர்ச்சில்.

இந்த முறையை விட்டு, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்பு வாக்கு முறைக்குப் போகலாமா என்று 2011இல் மக்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அது சரியான முடிவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நாளைக்கே தேர்தல் வந்தாலும் இந்த முறையில்தான் நாங்கள் புள்ளடி போடவேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதலில் உங்கள் தொகுதி. கடந்த முறை அங்கே யார் முதலாவது, யார் இரண்டாவது, இடையில் எத்தனை வாக்கு? உங்கள் போஸ்ட்கோடைக் கொடுத்தால் பாராளுமன்றத்தின் இணையத்தளமே தொகுதியைக் காட்டிவிடும். வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதையைச் சொல்லவேண்டும். கதை என்றாலும் முழுக்க நடந்தது. வின்செஸ்டர் என்ற ஊர், லண்டனுக்குத் தென்மேற்கே. 1997 மே 1 பொதுத் தேர்தல். கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஜெரி மலோன், அவரை எதிர்த்து லிபரல் டெமாக்ரட் மார்க் ஓட்டன். எண்ணினார்கள், திருப்பி எண்ணினார்கள், விடிந்தும் எண்ணினார்கள். கடைசியில் ஓட்டன் இரண்டு வாக்கால் வென்றார். இரண்டாயிரம் இல்லை, நேயர்களே. இரண்டு.

அந்த நாளில் வாக்குச்சீட்டைக் கொடுக்கும்போது எழுதுவினைஞர் ஒரு சிறு கருவியால் அதில் துளை முத்திரை குத்தவேண்டும். முத்திரை இல்லாத சீட்டு செல்லாது. வின்செஸ்டரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகளில் முத்திரை விழவில்லை. வாக்காளரிடம் ஒரு பிழையும் இல்லை. வந்தார், புள்ளடி போட்டார், பெட்டிக்குள் போட்டார், வீட்டுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மறந்துவிட்டார். அந்த மேசையில் நானும் இருந்திருக்கிறேன். காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணி வரை பதினைந்து மணி நேரம். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வருகிற கூட்டத்தில் கை தானாக இயங்கும், கண் மங்கும். அந்த ஐம்பது பேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு. இன்னொன்றும் அந்த முறை நடந்தது. லிபரல் டெமாக்ரட் என்ற சொற்களைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் கட்சிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரும் போட்டியிட்டு 640 வாக்கு எடுத்தார். இரண்டு வாக்கில் முடிவான தேர்தலில் 640! அவர்களில் எத்தனை பேர் சீட்டை அவசரத்தில் வாசித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு கட்சிகளின் பெயர்களைப் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும் ஒழுங்காக இருப்பது அதனால்தான்.

வின்செஸ்டரில் 1997 நவம்பரில் மறுபடி தேர்தல். அதே ஊர், அதே இரண்டு பேர். இந்த முறை ஓட்டன் வென்றது 21,556 வாக்கு வித்தியாசத்தில். எங்கிருந்து வந்தன? மே மாதம் தொழிற்கட்சிக்கு 6,500க்கு மேல் விழுந்திருந்தது. நவம்பரில் 944. அந்த மக்கள் ஆறு மாதத்தில் கொள்கையை மாற்றிக்கொண்டவர்கள் என்று நான் நம்பவில்லை. தங்கள் தொகுதியில் உண்மையான போட்டி யாருக்கும் யாருக்கும் இடையில் என்று கண்ணால் கண்டுவிட்டார்கள். வெல்லவே முடியாத தங்கள் கட்சியை ஒருமுறை ஒதுக்கி வைத்து, தாங்கள் விரும்பாதவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்குப் போட்டார்கள். தந்திரோபாய வாக்களிப்பு என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான்.

இதை எல்லாத் தொகுதிக்கும் நான் சொல்லமாட்டேன். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நூலிழை இருக்கும் தொகுதியில் இப்படி யோசிப்பது நியாயம். 2024இல் வடமேற்கு லண்டனில் ஹென்டன் தொகுதி பதினைந்து வாக்கில் முடிந்தது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசை. ஆனால் ஒரே கட்சி பல்லாயிரம் வாக்கால் வெல்லுகிற தொகுதியில் இருந்துகொண்டு ‘வெல்லுகிற கட்சிக்குப் போட்டால்தானே வாக்கு வீணாகாது’ என்று சொல்பவர்களோடு நான் சண்டை பிடிப்பேன். வெல்லுகிறவருக்கு உங்கள் வாக்கு ஒன்றும் கூட்டப்போவதில்லை. நீங்கள் உண்மையில் நம்புகிற சிறு கட்சிக்குப் போட்டால், அவர்கள் கட்டிய 500 பவுண் கட்டுப்பணம் திரும்பக் கிடைக்கத் தேவையான ஐந்து சதவீத வாக்கில் உங்களுடையதும் ஒன்று. அடுத்த முறை அவர்கள் இரண்டாம் இடத்துக்கு வருவதும் அதிலிருந்துதான் தொடங்கும்.

இனி வேட்பாளர். 2001இல் வயர் ஃபாரஸ்ட் என்ற தொகுதி. அங்கே கிட்டர்மின்ஸ்டர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவை மூடிவிட்டார்கள். ரிச்சர்ட் டெய்லர் என்ற ஓய்வுபெற்ற வைத்தியர், எந்தப் பெரிய கட்சியும் இல்லாமல், அந்த ஒரு விஷயத்துக்காக நின்றார். பதவியிலிருந்த தொழிற்கட்சி உறுப்பினரை 17,000க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்; 2005இலும் வென்றார். அது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் எந்தத் தொகுதியிலும் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்களுடைய இப்போதைய உறுப்பினர் பாராளுமன்றத்தில் எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று வாக்களித்தார் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மக்களைச் சந்திக்கும் ‘சர்ஜரி’ வைக்கிறாரா? விசா விண்ணப்பம் இரண்டு வருடமாக இழுபடுகிறது என்று நீங்கள் போனால் உள்துறை அமைச்சுக்குக் கடிதம் எழுதுகிறாரா? எங்களில் பலருக்கு ஓர் உறுப்பினரோடு வரும் தொடர்பே இதுதானே.

‘நம்முடைய ஆள் நிற்கிறார், அவருக்குத்தான் போடவேண்டும்’ என்றும் சொல்வார்கள். 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றபோது எனக்கும் கண் கலங்கியது. அது ஒரு தொகுதி. உங்கள் சீட்டில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தால் சந்தோஷப்படுங்கள்; பிறகு மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்விகளை அவரிடமும் கேளுங்கள்.

தேர்தல் விஞ்ஞாபனம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். குப்பை எடுக்கவில்லை என்ற கோபத்தைப் பொதுத் தேர்தலில் காட்டாதீர்கள். அது கவுன்சிலின் வேலை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் உங்கள் சொந்த அரசின் கையில் இருக்கின்றன. வருமான வரி, குடிவரவு, போர் என்பவை வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்தில் தீர்மானிக்கப்படுபவை. ஸ்கொட்லாந்துக்கு வருமான வரியிலும் பெரும்பங்கு தனியாக இருக்கிறது. வாக்குறுதியை மீறினால் மக்கள் மறப்பதில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் போதும். பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று 2010இல் கையெழுத்திட்ட லிபரல் டெமாக்ரட்டுகள் கன்சர்வேட்டிவ் கட்சியோடு கூட்டணி அரசுக்குள் போனார்கள். அதிகபட்சக் கட்டணம் 9,000 பவுணாக ஏறியது. 57 ஆசனம் வைத்திருந்த கட்சி 2015இல் 8க்கு வந்தது.

இப்போது நான் இங்கே வந்ததற்கு முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. அப்பா ஒரு கட்சியைச் சொல்வார், ஐந்து பேரும் அதற்கே போடுவார்கள். இப்போது சில வீடுகளில் மகன் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு தேர்தல் காலையில் ஒரு தாயும் மகனும் வந்தார்கள். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. இரண்டு பேருடைய வாக்காளர் அட்டைகளும் மகனின் கையில். நான் பதிவேட்டில் அடிமட்டத்தை வைத்து அம்மாவின் பெயருக்குக் குறுக்கே கோடு இழுத்தேன், சீட்டைக் கொடுத்தேன். அம்மா மறைப்புக்குள் போக, மகனும் கூடவே போகிறார். எங்கள் பொறுப்பதிகாரி எழுந்து, மிகவும் மரியாதையாக, ‘ஒருவர் மட்டும்’ என்று அவரை நிறுத்தினார். அம்மா தனியாக நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கயிற்றில் கட்டியிருந்த பென்சில் மெல்ல அசைந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்து, ‘பிள்ளை, இதை மடிக்கலாமா?’ என்று தமிழில் கேட்டார். ‘மடித்துப் போடுங்கள் அம்மா’ என்றேன். நான்காக மடித்து, நகத்தால் ஓரத்தை அழுத்தி, பெட்டிக்குள் போட்டார். மகன் கேட்டார், ‘எதற்கு அம்மா போட்டீர்கள்?’ ‘பெட்டிக்குள் போட்டேன்’ என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தார்.

2023இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. இன்னொருவரின் வாக்கில் செல்வாக்குச் செலுத்தும் நோக்கத்தோடு மறைப்புக்கு அருகில் போய் நிற்பது குற்றம். பார்வை குறைந்தவர்கள், வாசிக்க முடியாதவர்கள் உதவி கேட்கலாம். அதற்கு முறை இருக்கிறது, அதிகாரியிடம் சொல்லவேண்டும். மற்றபடி உள்ளே நீங்கள் தனி. வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள், நல்லது. உள்ளே தனி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியக் குடியுரிமை இல்லாவிட்டாலும், இலங்கை, இந்தியா போன்ற பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் முறையான அனுமதியோடு இங்கே வசித்தால், பதினெட்டு வயதானால், பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். இதைத் தெரியாமல் பதினைந்து வருடம் வீட்டிலிருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பெயர் பதிவதற்குத் தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலை நாள் முன்பு கடைசி. இங்கிலாந்தில் பொதுத் தேர்தலில் படத்தோடு அடையாள அட்டை கட்டாயம். ஸ்கொட்லாந்து, வேல்ஸிலும் அப்படியே. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுச் செல்லும்; காலாவதியானதும் செல்லும், படத்தில் உங்கள் முகம் தெரிந்தால் போதும். பிரித்தானியச் சாரதி அனுமதிப்பத்திரம் செல்லும். முதியோருக்கான பஸ் பாஸ், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் ஓய்ஸ்டர் அட்டை செல்லும். பிள்ளைகளின் மாணவர் அட்டை செல்லாது, திருப்பி அனுப்புவார்கள். எதுவும் இல்லாதவர்கள் வாக்களிப்பதற்கான இலவச அடையாளச் சான்றிதழ் எடுக்கலாம். ஆறு வேலை நாள் முன்பு மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பியுங்கள். தபால் வாக்கு பற்றிச் சொல்ல நேரமில்லை, இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். கதவு காலை ஏழு மணிக்குத் திறக்கும். இரவு பத்து மணிக்கு வரிசையில் நின்றிருந்தால் உங்களையும் உள்ளே விடவேண்டும், திரும்பிப் போய்விடாதீர்கள். வணக்கம்.