பஃபலோ சேனல் உடைகிறதா? பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள்

வணக்கம். ஸ்காபரோவில் கூரையில் ஒரு அன்டெனா போட்டால் ரொறன்ரோ சேனல்களோடு ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பஃபலோ நகரின் அமெரிக்க சேனல்களும் இலவசமாக வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் போட்ட பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்தால், பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஒரு பூஸ்டர் போடுங்கோ."

பூஸ்டர் இல்லாத சிக்னலை உண்டாக்காது. அன்டெனா பிடித்ததைப் பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்யும். 2011 ஆகஸ்ட் 31 வரை, அனலாக் காலத்தில், சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் ஹாக்கி ஆட்டத்தை ஒருவழியாகப் பார்த்துவிடலாம். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை, வந்தால் சுத்தமாக வரும், ஒரு அளவுக்குக் கீழே போனால் திரையில் ஒன்றுமே இருக்காது.

அப்போ பூஸ்டர் எதற்கு? கேபிளில் தொலைவதை ஈடுகட்டத்தான். 30 மீட்டர் ஆர்ஜி-6 கேபிளில் (டிவிக்கு வழக்கமாகப் போடுவது) யூஎச்எஃப் சிக்னல், அதாவது குட்டை அலைகளில் வரும் டிவி சிக்னல், 5, 6 டெசிபெல் குறையும், அதாவது ஏறக்குறைய கால்வாசிதான் மிஞ்சும். மேல்மாடிக்கும் பேஸ்மென்ட்டுக்கும் பிரிக்க ஸ்பிளிட்டர் போட்டால் இன்னும் ஒரு 3.5 போய்விடும். அதனால் பூஸ்டர் கம்பத்திலேயே, அன்டெனாவை ஒட்டி இருக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் செருகினால் வழியில் போனது போனதுதான். கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் ஏறும், வீட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி அதை அனுப்பும். அந்தப் பெட்டிக்கும் பூஸ்டருக்கும் நடுவில் சாதாரண ஸ்பிளிட்டர் மாட்டிவிட்டால் மின்சாரம் மேலே போகாமல் நின்றுவிடலாம், பூஸ்டர் செத்துக் கிடக்கும், படம் முன்பைவிட மோசமாகும். நிறைய வீடுகளில் கோளாறு இதுதான்.

(திரையில்: ஒன்ராறியோ ஏரி வரைபடம்)

சரி, திசை. ரொறன்ரோ சேனல்கள் வருகிற சிஎன் கோபுரம் உங்களுக்குத் தென்மேற்கே, கிட்டத்தில். பஃபலோ சேனல்களில் ஃபாக்ஸ் 29.1 கோபுரம் கிராண்ட் ஐலண்டில், சிபிஎஸ் 4.1, ஏபிசி 7.1 இரண்டும் அதையும் தாண்டி கோல்டனில், 100 கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே. அன்டெனாவை அந்தப் பக்கமே திருப்புங்கள், சிஎன் கோபுரம் பக்கவாட்டிலேயே தாராளமாக வரும். தாராளமாக வருவதுதான் பிரச்சினையும்: அதிகம் பெருக்குகிற பூஸ்டர் போட்டால் அந்தப் பலத்த சிக்னலில் பூஸ்டரே திணறும், பஃபலோ சேனல்களும் சேர்ந்து போய்விடும். விலை கூடியதை எடுக்காதீர்கள், குறைவாகப் பெருக்குவதை எடுங்கள்.

சிடிவி 9.1 மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கதை. அது விஎச்எஃப்பில், அதாவது யூஎச்எஃப்பைவிட நீளமான அலைகளில் வருகிறது, யூஎச்எஃப்புக்கு மட்டும் செய்த அன்டெனாவுக்கு எந்தப் பூஸ்டரும் உதவாது, நீளக் கம்பிகள் உள்ளது வேண்டும்.

அப்புறம், சோதிக்கிற நேரம். கோடை இரவில் ஏரிக்கு மேல் குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது சிக்னல் வளைந்து வெகுதூரம் வரும், ரொச்செஸ்டர் சேனல்கூட எட்டிப்பார்க்கலாம். அதை நம்பிக் கம்பத்தை இறுக்காதீர்கள். பகலில் ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு போல்ட்டை முடுக்குங்கள்.