கடைசி இடத்துல இருந்து மேல வரப்போற டீம் எது?

வணக்கம் நேயர்களே. செப்டம்பர் 4, வியாழக்கிழமை ராத்திரி ஃபிலடெல்ஃபியாவுல ஈகிள்ஸும் கவ்பாய்ஸும் மோதறாங்க, அதோட அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லோட 2025 சீசன் ஆரம்பம். இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் யாருக்குன்னு கேட்டா எல்லாரும் ஈகிள்ஸ், சீஃப்ஸ், பில்ஸ், ரேவன்ஸ்னு அந்த நாலு பேரைத்தான் சொல்வாங்க, அதுல நான் புதுசா சொல்ல எதுவும் இல்ல. அதனால என்னை பேச கூப்பிட்டப்பவே, போன வருஷம் அடிமட்டத்துல கிடந்து இந்த வருஷம் திடீர்னு எழுந்து நிக்கப்போற டீம் எதுன்னு பேசறேன்னு கேட்டுக்கிட்டேன். இந்த விளையாட்டுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான்.

ஐரோப்பா ஃபுட்பால் பார்த்து பழகினவங்களுக்கு இது கொஞ்சம் விநோதமா இருக்கும், ஏன்னா அங்க பணக்கார கிளப் பத்து வருஷமானாலும் மேலயேதான் இருக்கும். என்எஃப்எல்ல அப்படி இருக்க விடமாட்டாங்க. மொத்தம் 32 டீம், ஆளுக்கு 17 மேட்ச், அதுல 14 டீம் பிளேஆஃப்ங்கற நாக்-அவுட் சுத்துக்கு போகும். காலேஜ்ல இருந்து வர்ற புது பசங்களை எடுக்கற டிராஃப்ட்ல, மோசமா ஆடின டீமுக்குத்தான் முதல் சாய்ஸ். சம்பளத்துக்கு எல்லா டீமுக்கும் ஒரே உச்சவரம்பு, சேலரி கேப்னு சொல்வாங்க, 2025-ல அது 279.2 மில்லியன் டாலர், முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரரா இருந்தாலும் அதுக்குள்ளதான் சமாளிக்கணும். இன்னொண்ணு, பல பேர் கவனிக்காதது, 17 மேட்ச்ல மூணு மேட்ச் போன வருஷம் நாலு நாலு டீமா பிரிச்ச உங்க டிவிஷன்ல எத்தனாவது இடம் வந்தீங்கன்னு பார்த்து போடறது, அதாவது கடைசியா வந்தவன் மத்த டிவிஷன்ல கடைசியா வந்தவனோட ஆடுவான். மூணு மேட்ச்தானேன்னு நினைக்காதீங்க, எட்டு ஜெயிச்சவன் வீட்டுக்கு போறதும் பதினொண்ணு ஜெயிச்சவன் பிளேஆஃப் போறதும் அந்த மூணு மேட்ச் வித்தியாசம்தான். 1990-ல இருந்து ஒரு வருஷம் விடாம, முந்தின வருஷம் பிளேஆஃப் போகாத டீம்ல குறைஞ்சது நாலு டீமாவது பிளேஆஃப் போயிருக்கு. ஆக யாரோ வரத்தான் போறாங்க, யாருங்கறதுதான் கேள்வி.

போன சீசனையே எடுத்துக்குவோம். வாஷிங்டன் கமாண்டர்ஸ் 2023-ல 4 ஜெயிச்சு 13 தோத்த டீம். புது கோச் டான் க்வின் வந்தார், டிராஃப்ட்ல ரெண்டாவதா ஜேடன் டேனியல்ஸ்னு ஒரு குவார்ட்டர்பேக்கை, அதாவது ஆட்டத்தை நடத்தி பந்தை போடறவரை, எடுத்தாங்க, 2024-ல 12 ஜெயிச்சு 5 தோல்வி, பிளேஆஃப்ல 15 மேட்ச் ஜெயிச்சிருந்த டெட்ராய்ட் லயன்ஸை அவங்க ஊர்லயே போய் 45-31னு அடிச்சாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஹியூஸ்டன் டெக்சன்ஸ், அங்கயும் புது கோச் டெமீக்கோ ரயன்ஸ், புது குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட், மூணு வெற்றியில இருந்து பத்து வெற்றி. நல்ல இளம் குவார்ட்டர்பேக் கிடைச்சா டீமே மாறும், இது ஊரறிஞ்ச விஷயம், ஆனா அதை மட்டும் வச்சு கணிச்சா பாதி தடவை ஏமாந்துதான் போவோம்.

நான் பார்க்கறது வேற. ஒரு டீம் எத்தனை தோத்துச்சுங்கறதை விட எப்படி தோத்துச்சுன்னு பார்க்கறேன். எட்டு பாயிண்ட் வித்தியாசத்துக்குள்ள முடியற மேட்ச்சை ஒன்-ஸ்கோர் கேம்னு சொல்வாங்க, ஒரு டச்டவுனும், அதாவது பந்தை எதிராளி எல்லைக்குள்ள கொண்டு போய் எடுக்கற ஆறு பாயிண்ட்டும், அதுக்கப்புறம் ரெண்டு பாயிண்ட் கன்வெர்ஷனும் கிடைச்சா சமமாயிடற மேட்ச். இந்த மாதிரி மேட்ச்சை வருஷா வருஷம் ஜெயிச்சுக்கிட்டே இருக்கறது ரொம்ப கஷ்டம், ஏன்னா ஒரு பந்து துள்ளற விதம், ஃபவுலுக்கு நடுவர் போடற ஒரு ஃப்ளாக், கடைசி நிமிஷத்துல கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு பாயிண்ட் எடுக்கற ஒரு ஃபீல்ட் கோல், இதுலதான் முடிவு மாறுது. 2022-ல மினசோட்டா வைகிங்ஸ் 13 மேட்ச் ஜெயிச்சாங்க, அதுல ஒன்-ஸ்கோர் கேம் மட்டும் பதினொண்ணு, ஒண்ணு கூட தோக்கல, ஆனா சீசன் முழுக்க அடிச்ச பாயிண்ட்டை விட வாங்கின பாயிண்ட் அதிகம்! அடுத்த வருஷம் 7 வெற்றி, 10 தோல்வி. அப்படின்னா கதை தலைகீழாவும் நடக்கும், கடைசி நிமிஷத்துல தொடர்ந்து தோத்துக்கிட்டே இருந்தவங்க அடுத்த வருஷம் மேல வருவாங்க. அங்கதான் தேடணும்.

இப்ப என் முதல் டீமுக்கு வர்றேன், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். போன வருஷம் 4-13, அதாவது நாலு வெற்றி, பதிமூணு தோல்வி. ஆனா அந்த டீமோட குவார்ட்டர்பேக் டிரேக் மே, டிராஃப்ட்ல மூணாவதா வந்தவர், ஆறாவது வாரத்துலதான் அவரை மேட்ச் ஆரம்பத்துல இருந்தே இறக்கினாங்க, அவர் ஆடினதை ஒரே ஒரு ப்ளேல, அதாவது பந்தை எடுத்து ஆடற ஒரே ஒரு முயற்சியில, காட்டறேன். நவம்பர் 3, நாஷ்வில்ல டைட்டன்ஸோட மேட்ச். ஏழு பாயிண்ட் பின்தங்கி இருக்காங்க, எல்லைக்கு அஞ்சு யார்டு, கடைசி ப்ளே. மே பந்தை வாங்கினார், பந்தை போட ஆள் கிடைக்கல, வலது பக்கம் ஓடினார், துரத்தறாங்க, திரும்ப இடது பக்கம் ஓடினார், கடிகாரம் பூஜ்யம் ஆயிடுச்சு, பத்து செகண்டுக்கு மேல பந்தை கையிலயே வச்சுக்கிட்டு சுத்தி சுத்தி ஓடி, கடைசியில உடம்பு நிலை தடுமாறுற நேரத்துல தூக்கிப் போட்டார், ராமான்ட்ரி ஸ்டீவன்சன் எல்லைக்கு அந்தப்பக்கம் எண்ட் ஜோன்ல பிடிச்சார், 17-17. அப்புறம் ஓவர்டைம்ல 20-17னு தோத்தாங்க, அது வேற விஷயம். ஏன் அவ்வளவு ஓடவேண்டி வந்துச்சுன்னு பாருங்க. அவரை காப்பாத்த வேண்டிய ஆஃபென்சிவ் லைன்னு ஒண்ணு அங்க இல்லவே இல்ல, அஞ்சு பேர் நிக்கற வரிசையில வாராவாரம் ஆள் மாறிக்கிட்டே இருந்தாங்க.

அந்த ஓட்டையைத்தான் இந்த வருஷம் அடைச்சிருக்காங்க. சீசனோட கடைசி மேட்ச்ல பில்ஸை 23-16னு ஜெயிச்சதால டிராஃப்ட்ல முதல் இடம் கைவிட்டுப் போச்சு, நாலாவது இடத்துக்கு இறங்கினாங்க, பாஸ்டன் ரசிகர்கள் அன்னைக்கு ஜெயிச்சும் தலையில கை வச்சாங்க. ஆனா அந்த நாலாவது இடத்துல வில் கேம்பெல்னு எல்எஸ்யூ காலேஜோட லெஃப்ட் டேக்கிளை, அந்த அஞ்சு பேர் வரிசையில இடது ஓரத்துல நிக்கறவரை, எடுத்தாங்க பாருங்க, எனக்கு அது சரியான முடிவு. டிராஃப்ட்டுக்கு முன்னாடி நடக்கற கம்பைன்ங்கற சோதனையில அளந்தப்ப கை 33 இன்ச்சுக்கு குறைவு, அந்த இடத்துக்கு பத்தாதுன்னு நிபுணர்கள் நிறைய பேசினாங்க. டிரேக் மேயோட கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை காக்கறதுக்கு இருபத்தொரு வயசுல ஒரு ஆள் கிடைச்சிருக்கார், நான் அளவு டேப்பை விட அவர் காலேஜ்ல ஆடின ஆட்டத்தை நம்பறேன்.

பணமும் இருந்துச்சு. டிரேக் மே சம்பளம் நாலு வருஷத்துக்கும் சேர்த்தே 37 மில்லியனுக்குள்ளதான், டல்லாஸ்ல குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு சராசரியா ஒரு வருஷத்துக்கே 60 மில்லியன். அந்த மிச்சத்துலதான் ஈகிள்ஸோட சூப்பர் பௌல் ஜெயிச்ச மில்டன் வில்லியம்ஸை 104 மில்லியனுக்கு கொண்டு வந்தாங்க, கார்ல்டன் டேவிஸ், ஹெரால்ட் லாண்ட்ரி, போடற பந்தை பிடிக்கற ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ்னு வரிசையா ஆள் எடுத்தாங்க. கோச் மைக் வ்ரேபல். இந்த டீமுக்கே லைன்பேக்கரா ஆடி மூணு சூப்பர் பௌல் ஜெயிச்சவர், டிஃபென்ஸ் ஆளா இருந்துக்கிட்டே ரெண்டு சூப்பர் பௌல்ல டச்டவுன் பிடிச்சவர், டென்னசில கோச்சா இருந்து 2021-ல கோச் ஆஃப் தி இயர் வாங்கினவர். கடைசி இடம் வந்ததுக்கு பரிசா ரெய்டர்ஸ், டைட்டன்ஸ், ஜயண்ட்ஸ், மூணும் போன வருஷம் அவங்கவங்க டிவிஷன்ல கடைசி. பத்து வெற்றி, பிளேஆஃப், நான் அடிச்சு சொல்றேன்.

ரெண்டாவது சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ். இவங்களை ஆச்சரிய டீம்னு சொல்லலாமான்னு சிலர் கேட்பீங்க, 2023 சீசன்ல சூப்பர் பௌல் வரைக்கும் போனவங்கதானே. ஆனா போன வருஷம் 6-11, டிவிஷன்ல கடைசி. எப்படி தோத்தாங்க? காயம். ஆஃபென்சிவ் பிளேயர் ஆஃப் தி இயரா இருந்த கிறிஸ்டியன் மெக்காஃப்ரி நாலே மேட்ச் ஆடினார், பிராண்டன் ஐயுக் முட்டி போச்சு, டிரென்ட் வில்லியம்ஸ் ஏழு மேட்ச் இல்ல. எதிராளிங்க போன வருஷம் ஜெயிச்ச கணக்கை வச்சு பார்த்தா இந்த வருஷம் லீக்லயே சுலபமான ஷெட்யூல் இவங்களுக்குத்தான். 2025 சீசனுக்கு டிஃபென்ஸ் கோச்சா ராபர்ட் சாலே திரும்ப வந்தார். ஆள் நிறைய பேர் போயிருக்காங்க, டீபோ சாமுவேல், ஹுஃபாங்கா, வார்ட், அது வாஸ்தவம், அதனால பழைய பலம் இருக்காது, இருந்தாலும் பதினொண்ணு ஜெயிப்பாங்க.

மூணாவது சிகாகோ பேர்ஸ், இங்கதான் எனக்கு மனசு ரொம்ப நிக்குது, ஏன்னா போன வருஷம் இவங்க தோத்த மாதிரி எந்த டீமும் தோக்கக்கூடாது. நாலு வெற்றி ரெண்டு தோல்வின்னு நல்லாதான் ஆரம்பிச்சாங்க. அக்டோபர் 27, வாஷிங்டன். இருபத்தஞ்சு செகண்ட் பாக்கி இருக்கும்போது டச்டவுன் அடிச்சு 15-12னு முன்னாடி வந்துட்டாங்க. கடைசி ப்ளே, டேனியல்ஸ் பந்தை வச்சுக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கார், சிகாகோ டிஃபென்டர் டைரீக் ஸ்டீவன்சன் ப்ளே ஆரம்பிச்சது கூட தெரியாம கேலரி பக்கம் திரும்பி எதிர் டீம் ரசிகர்களை சீண்டிக்கிட்டு நின்னார், அப்புறம் ஓடி வந்து கூட்டத்துல எகிறினார், அவர் கை பட்டு பின்னாடி போன பந்து தனியா நின்ன நோவா பிரவுன் கையில விழுந்துச்சு. கடைசி நம்பிக்கையா தூக்கிப் போடற இந்த மாதிரி பந்தைத்தான் ஹெயில் மேரின்னு சொல்வாங்க, 52 யார்டு, 18-15. அங்க உடைஞ்ச டீம் தொடர்ந்து பத்து மேட்ச் தோத்துச்சு. பேக்கர்ஸோட மேட்ச்ல இவங்க கடைசி செகண்ட்ல உதைச்ச ஃபீல்ட் கோல் பிளாக் ஆகி 20-19, வைகிங்ஸோட ஓவர்டைம்ல 30-27, தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு டெட்ராய்ட்ல 23-20. அந்த கடைசி மேட்ச்ல 32 செகண்ட் இருந்துச்சு, கடிகாரத்தை நிறுத்தற டைம்அவுட் கையில இருந்துச்சு, ஃபீல்ட் கோல் அடிச்சா சமம், டைம்அவுட்டை எடுக்காமயே கடிகாரத்தை ஓட விட்டுட்டாங்க. மறுநாள் கோச் மேட் எபர்ஃப்ளூஸை நீக்கினாங்க, அத்தனை பழைய கிளப் வரலாற்றுல சீசன் நடுவுல கோச்சை நீக்கினது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் திறமை இல்லாம வந்த தோல்வியா சொல்லுங்க? ஆட்டத்தை நடத்தத் தெரியாம வந்த தோல்வி. அதை சரி பண்ணத்தான் பென் ஜான்சனை கொண்டு வந்திருக்காங்க, போன வருஷம் லீக்லயே அதிகமா, 564 பாயிண்ட் அடிச்ச லயன்ஸோட ஆஃபென்ஸை நடத்தினவர். குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 தடவை சாக் வாங்கினார், அதாவது பந்தை போடறதுக்கு முன்னாடியே அவரை பிடிச்சு தள்ளிட்டாங்க, முதல் வருஷ பையனுக்கு அது கொடுமை, அதுக்காக உள்பக்க லைன் மூணு பேரையும் மாத்தியிருக்காங்க, நாலு சூப்பர் பௌல் ஜெயிச்ச ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், சென்டர்ல ட்ரூ டால்மன். தடுக்கற ஒரே விஷயம் டிவிஷன், அதே டிவிஷன்ல லயன்ஸ் 15, வைகிங்ஸ் 14, பேக்கர்ஸ் 11 ஜெயிச்சவங்க. அதனால ஒன்பது வெற்றின்னு சொல்றேன், பிளேஆஃப் வாசல்ல நிப்பாங்க, உள்ள போனா நான் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

ஜயண்ட்ஸை சொல்லலையேன்னு நியூ ஜெர்சி நேயர்கள் கோவிச்சுக்க வேண்டாம், லீக்லயே கஷ்டமான ஷெட்யூல் அவங்களுக்கு, இந்த வருஷம் தேறாது. கீழ இறங்கப்போறது யாருன்னா நான் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸைத்தான் பார்க்கறேன். 15-2ங்கறது பெரிய சாதனைதான், ஆனா அதுல பதினொண்ணு ஒன்-ஸ்கோர் கேம், பதினொண்ணும் ஜெயிச்சாங்க, வைகிங்ஸ் கதையை இப்பதான் சொன்னேன். சூப்பர் பௌல்ல ஈகிள்ஸ் 40-22னு அடிச்சது சும்மா வந்ததில்ல. குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் இருக்கற வரைக்கும் அவங்களை ஒதுக்க முடியாதுன்னாலும் பதினஞ்சு இந்த வருஷம் வராது.

இவ்வளவு கணக்கு சொன்னாலும் கணக்குல மாட்டாத ஒரு டீம் எப்பவும் உண்டு. 1999 செயிண்ட் லூயிஸ் ராம்ஸ். முந்தின வருஷம் 4-12. ஆகஸ்ட் மாசம் ப்ரீசீசன் மேட்ச்ல குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் முட்டி போயிடுச்சு, சீசனே முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சாங்க, கோச் டிக் வெர்மீல் பத்திரிகைக்காரங்க முன்னாடி கண் கலங்கிட்டார். இறங்கினது கர்ட் வார்னர், டிராஃப்ட்ல யாரும் எடுக்காதவர், பேக்கர்ஸ் கேம்ப்ல இருந்து திருப்பி அனுப்பினவர், ஐயோவால ஹை-வீ மளிகைக் கடையில ராத்திரி ஷிஃப்ட்ல மணிக்கு 5 டாலர் 50 சென்ட்டுக்கு சாமான் அடுக்கினவர். அந்த மனுஷன் 41 டச்டவுன் போட்டார், ராம்ஸை தொடர்ந்து பதினேழு தடவை ஜெயிச்சிருந்த 49-அர்ஸை 42-20னு அடிச்சார், 13-3, சூப்பர் பௌல்ல டைட்டன்ஸை 23-16. டைட்டன்ஸோட கடைசி ப்ளேல கெவின் டைசன் கையை நீட்டறார், எல்லைக்கு ஒரு யார்டு, மைக் ஜோன்ஸ் காலை பிடிச்சு தொங்கறார். எந்த ஆகஸ்ட்லயும் எந்த நிபுணராலயும் இதை சொல்லியிருக்க முடியாது, ஆனா ஒண்ணு, அந்த டீமுக்கு அந்த வருஷம்தான் மார்ஷல் ஃபால்க்கும் டோரி ஹோல்ட்டும் வந்திருந்தாங்க, ஐசக் புரூஸ் ஏற்கனவே இருந்தார். குவார்ட்டர்பேக் யாருன்னு தெரியலையே தவிர, மத்த சாமானெல்லாம் தயாரா இருந்துச்சு.

முதல் வாரத்துல என்ன பார்க்கணும்னு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை பேட்ரியட்ஸுக்கு ரெய்டர்ஸ், அதுல ஸ்கோரை விட கேம்பெல் பக்கம் எத்தனை தடவை ஓட்டை விழுதுன்னு பாருங்க. அதே நாள் 49-அர்ஸுக்கு சியாட்டில். மறுநாள் திங்கட்கிழமை ராத்திரி சிகாகோவுல பேர்ஸுக்கு வைகிங்ஸ், அங்க போன வருஷம் முழுக்க காயத்துல உட்கார்ந்திருந்த வைகிங்ஸ் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்திக்கு முதல் மேட்ச். மேட்ச் நெருக்கமா போனா, கடைசி ரெண்டு நிமிஷத்துல பென் ஜான்சன் டைம்அவுட்டை எப்ப கேட்கறார்னு கவனிங்க.