அந்தப் பாறை மேல பீரங்கி இருந்ததா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கார்: "சார், இரண்டாம் உலகப் போரைப் பத்தின தி லாங்கஸ்ட் டே படத்துல அமெரிக்க ரேஞ்சர் (சிறப்புப் படை) வீரர்கள், ஜெர்மன்காரங்களோட பீரங்கியை அழிக்க உயிரைக் கொடுத்துப் பாறை மேல ஏறுவாங்க. ஏறிப் பார்த்தா பீரங்கியே இருக்காது. அத்தனை பேர் செத்தது வீண்தானா? அமெரிக்க ராணுவம், அவங்க சிறப்புப் படைகள் பத்திப் படிக்க நம்பகமான புத்தகம் சொல்லுங்க."

வீண் இல்லைங்க. இதுக்கான பதில் 1946ல அமெரிக்கப் போர்த்துறையே வெளியிட்ட ஒரு புத்தகத்துல இருக்கு. 'ஸ்மால் யூனிட் ஆக்‌ஷன்ஸ்'னு பேரு. மொத்தமே நாலு சண்டைதான். முதல் சண்டை நீங்க கேட்ட பாறையில நடந்தது, அதோட பேர் புவான்ட் டு ஹாக்.

1944 ஜூன் 6, பிரான்ஸோட நார்மண்டி கடற்கரை. ஜெர்மனியை எதிர்த்து நேச நாட்டுப் படைகள் வந்து இறங்கின நாள். சுமார் 100 அடி உயரத்துக்குச் செங்குத்தான பாறை. கர்னல் ரட்டர் தலைமையில ஏறத்தாழ 225 பேர். ராக்கெட்ல கட்டி மேல சுடுற கயிறு, கடல் தண்ணியில ஊறிக் கனத்துப் போச்சு. நிறைய கயிறு உச்சிக்குப் போய்ச் சேரவே இல்லை. அப்படியும் ஏறிட்டாங்க. மேல பீரங்கி மேடை காலி. படம் அந்த இடத்தோட நின்னுடுது. புத்தகம் நிக்கலை.

காலை ஒன்பது மணி வாக்குல லோமெல், கூன் அப்படின்னு ரெண்டு சார்ஜென்ட்கள் நெடுஞ்சாலையிலேர்ந்து தெற்கே போற ஒரு பாதையில இறங்கிப் போறாங்க. ரெண்டு பக்கமும் வேலி. சுமார் 250 கஜம் போனதும் எதிர்ல அஞ்சு பீரங்கி! 155 மில்லிமீட்டர். அமெரிக்கப் படை இறங்கின யூட்டா கடற்கரையைக் குறிவச்சு நிக்குது. பீரங்கிக் குண்டெல்லாம் அடுக்கித் தயாரா இருக்கு. பக்கத்துல ஒரு ஜெர்மன்காரன் கூட இல்லை. லோமெல் ரெண்டு பீரங்கியில தெர்மைட் குண்டை (கடும் சூட்டுல இரும்பையே உருக்கற கைக்குண்டு) வச்சு உருக்கிடறார், மூணாவதோட குறிபார்க்கும் கருவியை அடிச்சு நொறுக்கறார். இன்னும் தெர்மைட் குண்டு எடுத்துட்டு வரப் போறார். அதுக்குள்ள இன்னொரு ரோந்துக் குழு வந்து மிச்சத்தையும் முடிச்சிடுது. இதை முதல் தடவை படிச்சப்ப எனக்குச் சிலிர்த்துப் போச்சு. எத்தனை கஜம், எந்தப் பாதைன்னு எழுதியிருக்காங்க பாருங்க, அதனாலதான் இந்த மாதிரி புத்தகத்தை நான் நம்பறேன். ரெண்டு நாள் கழிச்சு ஆயுதம் பிடிக்கத் தெம்போட இருந்தது சுமார் 90 பேர்தான்.

இந்த மாதிரி ராணுவமே எழுதின வரலாறு இன்னும் நிறைய இருக்கு. இரண்டாம் உலகப் போருக்கு மட்டும் 80 தொகுதி கிட்ட வரும். அட்டை பச்சை நிறம், அதனால 'கிரீன் புக்ஸ்'னு சொல்வாங்க. நார்மண்டிக்கு 1951ல வந்த 'கிராஸ் சேனல் அட்டாக்' எடுங்க. அரசாங்க வெளியீடுங்கறதால காப்புரிமை கிடையாது. அமெரிக்க ராணுவ வரலாற்று மையத்தோட இணையதளத்துல இலவசமாவே எடுத்துக்கலாம், காசு போட்டு வாங்காதீங்க. சீருடை, சின்னம், ஆயுதம் இதெல்லாம் படத்தோட வேணும்னா இங்கிலாந்து ஆஸ்ப்ரே பதிப்பகத்தோட 'எலீட்' வரிசை போதும்.

சிறப்புப் படைகள் விஷயத்துல மட்டும் ஒரு புத்தகத்தோட நிறுத்தாதீங்க. பெரும்பாலும் கிடைக்கறது அதுல இருந்தவங்க எழுதின நினைவுக் குறிப்புகள்தான். 1980 ஏப்ரல்ல ஈரான் தலைநகர் தெஹ்ரான்ல பிடிபட்டிருந்த அமெரிக்கத் தூதரகப் பிணைக்கைதிகளை மீட்கப் போய்த் தோத்தாங்களே, அதை டெல்டாங்கற அமெரிக்க ராணுவச் சிறப்புப் படையை உருவாக்கின பெக்வித் 1983ல புத்தகமா எழுதினார். கோபமும் வேதனையும் கலந்த எழுத்து, கட்டாயம் படிங்க. கூடவே அந்தத் தோல்வியை விசாரிச்ச ஹாலோவே குழுவோட அறிக்கையையும் படிங்க. புறப்பட்டது எட்டு ஹெலிகாப்டர், குறைஞ்சது ஆறு வேணும், பாலைவனத்துல உருப்படியா மிஞ்சினது அஞ்சு. திரும்பற நேரத்துல ஒண்ணு விமானத்து மேல மோதி எட்டு பேர் செத்தாங்க. 1987ல சிறப்புப் படைகளுக்குன்னு தனிக் கட்டளையகம் வந்ததுக்கு வேர் அங்கதான் இருக்கு.

பேர் பெரிசா இருக்குன்னும் நம்பிடாதீங்க. எஸ்.எல்.ஏ. மார்ஷல்னு புகழ்பெற்ற போர் வரலாற்றாசிரியர். இரண்டாம் உலகப் போர்ச் சண்டையில அமெரிக்க வீரர்கள்ல நூத்துக்கு 15லேர்ந்து 25 பேர்தான் துப்பாக்கியால எதிரியைச் சுட்டாங்கன்னு 1947ல எழுதினார். எத்தனையோ வருஷம் எல்லாரும் அதையே மேற்கோள் காட்டினாங்க. 1988ல ரோஜர் ஸ்பில்லர்னு இன்னொரு வரலாற்றாசிரியர் தேடிப் பார்த்துட்டு, அந்தக் கணக்குக்கு ஆதாரம் எங்கேன்னு கேட்டார். இன்னிக்கு யாராவது அந்த எண்ணை அடிக்குறிப்பு இல்லாம எடுத்துப் போட்டா, அந்தப் புத்தகத்தை நான் கொஞ்சம் உஷாராத்தான் படிப்பேன்.

நீங்க முதல்ல அந்த ரேஞ்சர் அத்தியாயத்தைப் படிங்க. அதுலயே வரைபடம் இருக்கு, பக்கத்துல விரிச்சு வச்சுக்கங்க. அந்த வேலிப் பாதை எங்க போகுதுன்னு விரலை வச்சுப் பாருங்க. படிச்சுட்டு எனக்கு எழுதுங்க.