மாஸ்டர் மாறினாலும் கடை நிற்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "மெட்டாலிக்காவின் உயிர் பழைய ஆட்களா, அடுத்து வந்தவர்களா?" மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றிய தலைப்பு இது. நான் அடுத்து வந்தவர்கள் பக்கம்.

எனக்கு முன் பேசிய நண்பர் ஒரே வரியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். "மாஸ்டர் போன பிறகும் போர்டை மட்டும் மாற்றாத ஓட்டல் இது" என்றார். அவர் சொல்லும் மாஸ்டர், பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன். சரி, ஓட்டலுக்கே போவோம். அந்த மாஸ்டர் கடை திறந்த அன்றே அடுப்படியில் நின்றவரா? இல்லையே! அவருக்கு முன்னால் அங்கே ரான் மெக்காவ்னி வாசித்துக்கொண்டிருந்தார். கிளிஃபே மாற்றாக வந்தவர்தான். அவரும் லேசில் வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வர மாட்டேன் என்றார். குழு என்ன செய்தது? மூட்டை கட்டிக்கொண்டு அவர் ஊர்ப் பக்கம், சான் பிரான்சிஸ்கோ பகுதிக்குக் குடிபோனது. புதிதாக வரப்போகிற ஒரு மாஸ்டருக்காக கடையே ஊர் மாறியது நண்பரே!

இன்னும் கேளுங்கள். 1983இல் முதல் ஆல்பம் பதிவாகும் முன்பே கிட்டார் கலைஞர் டேவ் மஸ்டெய்னை நியூயார்க்கிலிருந்து பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் கிர்க் ஹாமெட். 1991 கறுப்பு அட்டை ஆல்பத்தின் முதல் பாட்டு, 'என்டர் சாண்ட்மேன்'. கிட்டார் பழகத் தொடங்கும் பையன்கள் எல்லாம் முதலில் தடவிப் பார்க்கிற அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கிட்டார் துண்டு, கிர்க் போட்டது. அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. போர்டைப் பார்த்து வந்த கூட்டமா அது?

1986 செப்டம்பர் 26. சுவீடன். ஸ்டாக்ஹோமில் கச்சேரி முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக பஸ் கிளம்புகிறது. யாருக்கு எந்த பெர்த் என்று கிளிஃபும் கிர்க்கும் சீட்டு எடுக்கிறார்கள். கிளிஃப் உருவிய சீட்டு என்ன தெரியுமா? ஸ்பேட் ஆஸ். சீட்டுக்கட்டிலேயே பெரிய சீட்டு. "உன் பெர்த்தான் எனக்கு வேண்டும்" என்று கிர்க்கின் இடத்தைக் காட்டுகிறார். கிர்க் விட்டுக்கொடுக்கிறார். ஒரு சீட்டு, நடுவர் அவர்களே! கிர்க் கைக்கு அந்த ஆஸ் வந்திருந்தால்? விடிவதற்குள் பஸ் கவிழ்ந்தது. ஜன்னல் வழியே தூக்கி வீசப்பட்ட கிளிஃப் மேலேயே பஸ் சாய்ந்தது. வயது 24. ரோட்டில் பனி வழுக்கிவிட்டது என்றார் டிரைவர். குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அந்தக் குளிரில் ரோட்டோரமாக நடந்து நடந்து பனியைத் தேடினார். அவர் கண்ணில் படவே இல்லை.

அந்த இடத்துக்கு ஒருவன் வர வேண்டும். வந்தார் ஜேசன் நியூஸ்டெட். 1988இல் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேட்டிருக்கிறீர்களா? முதல் பாட்டு 'பிளாக்கன்ட்' எழுதியதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆல்பம் முழுக்க அவர் பேஸ் காதில் விழாது. மிக்ஸிங்கில் அமுக்கிவிட்டார்கள். நண்பர் இதையும் குறையாகச் சொன்னார். ஐயா, அது வாசித்தவன் குறையா? தன் சத்தமே கேட்காத ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்தானே, 2001 வரை நின்றானே, அவன் இல்லாமல் அந்த வருஷங்கள் ஏது?

2009, கிளீவ்லாந்து. ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்க்கிறார்கள். ஜேசனின் இடத்துக்கு 2003இல் வந்த ராபர்ட் ட்ரூஹியோ மேடையில் நிற்கிறார். எட்டு வருஷம் முன்பே விலகிப்போன ஜேசனையும் அழைத்திருக்கிறார்கள். இரண்டு பேஸ் கிட்டார் சேர்ந்து முழங்குகின்றன. கிளிஃபுக்கான மரியாதையை வாங்க அவருடைய அப்பா ரே பர்ட்டன் வந்து நின்றார். மகன் இடத்தில் வாசித்த இரண்டு பேரும் இருக்கிற அதே மேடைக்கு, நடுவர் அவர்களே, அந்தத் தகப்பன் வந்தார். பெற்றவரே ஏற்றுக்கொண்ட குழுவை வெறும் போர்டு என்கிறார் நண்பர். தீர்ப்பை அந்தத் தகப்பனை நினைத்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.